அம்மா வழியாக மட்டும்

கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் என் தம்பி ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினான். பின்னால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தான். ஏறி உட்கார்ந்து பார்த்தான். மறுபடியும் இறங்கித் துடைத்தான். முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா, “ஏலே, கண்ணாடி பளிச்சுன்னுதான இருக்கு, எத்தன தடவ தொடைப்ப?” என்று கேட்டிருக்கிறார்.

“நடுவுல மட்டும் பொகையா இருக்குத்தா” என்று சொல்லிக்கொண்டே வலது கண்ணைக் கசக்கினான். கசக்கிய நேரம் இடது கண்ணுக்கு அந்த அம்மாவின் முகம் இல்லாமல் போனது. சேலை தெரிந்தது. மடியில் வைத்திருந்த தூக்குவாளி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல ஒரு நிறம். கையை எடுத்தான். முகம் திரும்ப வந்துவிட்டது.

வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அன்று ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, மலையை விட்டு ஊர்ந்து ஊர்ந்து இறங்கினான். மறுநாளும் வண்டி எடுத்தான். ஒற்றைக் கண்ணை நம்பி அந்தப் பாதையில் வாரக்கணக்கில் ஏறி இறங்கியிருக்கிறான், அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு. அடுத்த கண்ணிலும் சாம்பல் படிய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு போன் செய்தான்.

“அக்கா, டிராபிக் லைட்டு எல்லாம் வெளுத்துப்போன துணி மாதிரி இருக்கு. நீ கொஞ்சம் வர்றியா?”

அவனுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எங்கள் அப்பா போன பிறகு அவனுக்கு எதுவென்றாலும் நான்தான். கம்பத்தை ஒட்டிய ஊரில் பிறந்து பெரியகுளத்தில் வாக்கப்பட்டவள் நான். தேனிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். அப்போது என் மகள் ஒன்பதாவதும் மகன் ஆறாவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குத் தை மாதத்தில் கல்யாணம் பேசியிருந்தது. பெண், சின்னமனூரில் இருக்கும் எங்கள் அத்தையின் மகள். அத்தை அப்பாவின் தங்கை. அந்தப் பெண் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஒருவரையொருவர் பிடிக்கும்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மாமா.

அம்மாவின் தம்பி. அவருக்கு இருபதுகளில் கண் போனது. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், கொடி எது கம்பி எது என்று தெரியாமல் நின்றார் என்பார்கள். கள்ளச்சாராயம் குடித்தால் கண் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம் அது. வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. மாமா கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். “குடிகாரன் சத்தியத்த யாரு கேட்டா?” என்றார் அவரைப் பெற்ற அப்பா. சாகும்வரை அவர் மகனிடம் பேசவில்லை. இரண்டு இடத்தில் பெண் கேட்டார்கள். குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையில் தனியாகவே இருந்துவிட்டார். சாய்ந்த தலையோடு, நம்மை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பார். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருக்கும்போது அந்தப் பார்வையைத் திருட்டுப் பார்வை என்று நினைத்திருக்கிறோம். நடுவில் தெரியாதவர்கள் அப்படித்தான் பார்க்க முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் கண் மருத்துவரிடம் தம்பியை அழைத்துப்போனோம். அம்மாவும் வந்தாள். மருத்துவர் நடுவயதுக்காரர், அவசரப்படாத ஆள். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, வெகுநேரம் பார்த்தார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்பார் என்று நினைத்தேன். எந்த மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்பார். அவர் அதைக் கேட்கவில்லை.

“அம்மா கூடப் பிறந்த ஆம்பளைங்க யாருக்காவது இப்படிப் பார்வை போயிருக்கா?”

அம்மா சட்டென்று சொன்னாள். “என் தம்பிக்குப் போச்சுங்க. ஆனா அது சாராயத்தால.”

“அவரு குடிச்சத நீங்க பாத்தீங்களா?”

“நான் பாக்கல. எல்லாரும் சொன்னாக.”

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“அக்கா.”

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?”

வந்ததிலிருந்து அவர் தம்பியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் உடம்புக்குப் புரிந்துவிட்டது. ஒரு பொண்ணு, ஒரு பையன் என்றேன். தலையசைத்தார். “ரத்தம் எடுத்துப் பாத்துரலாம். அதுக்கப்புறம் பேசுவோம்” என்றார்.

ரத்தப் பரிசோதனை அவர் சந்தேகப்பட்டதையே சொன்னது. எங்களை உட்காரவைத்து விளக்கினார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பட்டுவிட்டது. அதற்குக் காரணம் செல்லின் உட்கருவில் இல்லை. அதற்கு வெளியே, செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்டிரியாவில் இருக்கிறது. அதற்கென்று தனியாகக் கொஞ்சம் மரபுப்பொருள் உண்டு. அது அப்பாவிடமிருந்து வருவதில்லை. அம்மாவின் கருமுட்டை வழியாக மட்டும்தான் வரும். அம்மாவுக்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். ஆண், பெண் என்று பார்க்காது. ஆனால் இருக்கிற எல்லோருக்கும் கண் போவதில்லை. யாருக்குப் போகும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆண்களுக்குத்தான் அதிகம் போகிறது. பெரும்பாலும் வாலிப வயதில்.

“தம்பியோட பிள்ளைகளுக்கு வராது” என்றார். “அவரோட முடிஞ்சுரும்.” பிறகு என்னைப் பார்த்தார். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமலே நான் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். பாடத்திட்டப்படி அந்த வாரம் எடுக்க வேண்டிய பாடம் அந்திமந்தாரை. மெண்டலின் விதிகளுக்குக் கட்டுப்படாத பாரம்பரியத்துக்கு எங்கள் புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு அது. பட்டாணிச் செடியில் எது எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அப்பா பாதி, அம்மா பாதி. அந்திமந்தாரையின் இலை நிறம் அந்தக் கணக்குக்குள் வராது. பச்சைக் கிளையில் இருக்கும் பூவுக்கு எந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் கன்று பச்சையாகத்தான் முளைக்கும். வெளிறிய கிளையில் இருக்கும் பூ என்றால், மகரந்தம் எவ்வளவு பச்சையான செடியிலிருந்து வந்தாலும் கன்று வெளிறித்தான் முளைக்கும். எத்தனையோ வருடம் இதைக் கரும்பலகையில் வரைந்து மதிப்பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், அப்பாச் செடி எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்லையா?”

“இல்ல” என்றேன். அதற்கு மேல் அன்று என்னால் பாடம் எடுக்க முடியவில்லை. புத்தகத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

அன்று ராத்திரி என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்துவிட்டு வந்தார்.

“வெளிய யாருக்கும் சொல்ல வேணாம்” என்றார். “உங்க வீட்லயும் இத இதோட விடச் சொல்லு. பிள்ளைக வாழ்க்கை.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானும் சரியென்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் மாமாவைப் பார்த்தோம். அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று அம்மாதான் பிடிவாதமாக நின்றாள். சாராயம் இல்லை, பிறப்பிலேயே வந்தது, தம்பிக்கும் அதேதான் என்று சொன்னேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்ப நான் குடிக்கலைங்கிறது ஒங்களுக்கு நெசமாவே தெரிஞ்சுருச்சு.”

“தெரிஞ்சுருச்சு மாமா.”

“இப்ப இத யாருகிட்ட போயிச் சொல்ல? பேசுனவுக எல்லாம் செத்துப் போயிட்டாகளே.” சிரித்தார். பிறகு கேட்டார், “எனக்குப் பிள்ள பொறந்திருந்தா?”

“வந்திருக்காது மாமா. உங்க பிள்ளைகளுக்கு வராது.”

அவர் சிரிப்பு நின்றது. அதை நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றும் தோன்றும். கேட்டதற்குப் பொய் சொல்லவும் முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து, “எஞ்சாமி, நானும் அவுகளோட சேந்து ஒன்னயப் பேசுனேனடா” என்று அழுதாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் தோளைத் தொட்டாள்.

“எனக்கு யாரு குடுத்தது?”

“உங்க அம்மா.”

“அவுகளுக்கு?”

“அவுக அம்மா.”

“அவுகளுக்கெல்லாம் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு.” கொஞ்ச நேரம் திராட்சைப் பந்தல்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திடீரென்று என் கையைப் பிடித்தாள். “அப்ப ஒனக்கு நான் குடுத்திருக்கேன்.”

பிடித்த கையை இறங்கும்வரை அவள் விடவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை வந்தார். எங்கள் அம்மா வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தையின் மகளும் வந்திருந்தாள். என் கணவரும் வந்திருந்தார். தம்பி சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அதற்குள் அவனுக்கு மாமாவின் பார்வை வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என் அண்ணன் மகன நான் விட்டுக் குடுப்பேனா?” என்றார். “கண்ணு தெரியலன்னா என்ன, எம்மக சம்பாதிச்சுப் போட்டுருவா. ஆனா பொறக்குற பிள்ளைகளுக்கும் வந்துச்சுன்னா? மாமனுக்கு வந்துச்சு, மருமகனுக்கு வந்துச்சு. அடுத்து இவன் மகனுக்குத்தான. தெரிஞ்சே எப்படி நான் குடுக்க?”

“அத்த சொல்றது நாயந்தான். விட்ருங்க” என்றான் தம்பி.

“இவன் பிள்ளைகளுக்கு வராது அத்த” என்றேன்.

“அது எப்படி வராது? கண்ணு போனது இவனுக்கு.”

“டாக்டர் சொன்னாரு.”

“டாக்டர் ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாரு. நீ படிச்சவ, தம்பிக்காகப் பேசுற. பேசத்தான் செய்வ. ரத்தம் ரத்தத்துல வராம எங்கன போகும்?”

என் கணவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் சொன்னது. தம்பி யாரையும் பார்க்காமல், பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். மாமாவின் அறை என் மனதில் வந்தது. அந்தக் கட்டில், அந்தச் சுவர், அதையே பார்த்துக்கொண்டு போன ஒரு ஆயுசு.

“அது அம்மா வழியாத்தான் வரும் அத்த” என்றேன். “ஆம்பளையோட நின்னுரும். அம்மாகிட்ட இருந்து எனக்கு வந்திருக்கு. என்கிட்ட இருந்து என் பிள்ளைகளுக்குப் போயிருக்கு. தம்பி மகனுக்கு வராது. வந்தா என் மகனுக்குத்தான் வரும். என் மகளுக்குப் பொறக்குற பிள்ளைகளுக்கு வரும்.”

சொல்லி முடித்த பிறகு என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கணவர் எழுந்து வெளியே போனார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“என்னடி இது, கண்ணு போனவன் பிள்ளைக்கு வராதாம், நல்லா இருக்குறவ பிள்ளைக்கு வருமாம். இதுல என்ன நாயம் இருக்கு?”

அதுவரை வாயே திறக்காமல் இருந்த அவர் மகள் பேசினாள். “அம்மா, பொய் சொல்றவுக யாராச்சும் பெத்த பிள்ளைகளப் பத்தி இப்படிச் சொல்லுவாகளா?” பிறகு என்னிடம், “மதினி, ஒங்க வாயால சொல்லிட்டீகளே” என்றாள். அவள் அழுதாள். அவள் அழுததும்தான் நான் சொன்னது என்னவென்று எனக்கே முழுதாக உறைத்தது.

அன்று திரும்பும்போது பைக்கை என் கணவர்தான் ஓட்டினார். தேனியில் டீக்கடையில் நிறுத்தினார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், “தம்பிய நீ கரையேத்திட்ட” என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் நான் பதில் பேசியிருப்பேன்.

தையில் கல்யாணம் நடந்தது. தம்பி இப்போது கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிவிடும் வேலை பார்க்கிறான். முகம் தெரியாது, குரலையும் நடையையும் வைத்து யார் எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் என்று சொல்லிவிடுவான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அவளுக்கு அது போகாது; அந்தப் பக்கம் பயம் தீர்ந்தது. எங்கள் பக்கம்தான் பாக்கி.

சொன்ன சொல் அந்த அறைக்குள் தங்கவில்லை. என் மகளைத் தன் மகனுக்குக் கேட்டுவைத்திருந்த கணவரின் அக்கா அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தீபாவளிக்கு வந்தவர்கள் என் மகனின் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுக்குச் சோதனை எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். “எடுத்தா இருக்குன்னுதான் வரும்மா” என்றார். “பார்வை போகுமா போகாதான்னு அது சொல்லாது.” சிகரெட், மது இரண்டும் அவன் பக்கமே போகக் கூடாது, அது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது என்றார். அவனுக்குப் பதினாறு வயதானபோது எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டு, “சரி” என்றான். அந்த வயதுப் பையன்கள் எதற்கும் சொல்கிற சரி. அதற்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. கல்லூரியிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்க்கிறேன். அவனுக்கும் அது தெரியும்.

போன மே மாதம் ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும் என்றான். நானும் கூடப் போனேன். மருத்துவர் அறையில் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணால் கடைசி வரி வரை மடமடவென்று படித்தான். அடுத்த கண்ணால் படிக்கும்போது நடுவில் நின்றான். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே யாரோ யாரையோ டோக்கன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு மிச்ச எழுத்துகளையும் சரியாகப் படித்துவிட்டான்.

“ஏன் நின்ன?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“வெயில்ல இருந்து உள்ள வந்தேன்ல, கொஞ்சம் மங்கலா இருந்துச்சு.”

மறுநாளே மதுரைக்கு அழைத்துப்போனேன். மருத்துவர் இரண்டு கண்ணையும் பார்த்தார். பார்வைப் பரப்பை அளந்தார். நிறப் புள்ளிகள் உள்ள அட்டைகளைக் காட்டினார். “இப்போதைக்கு ஒண்ணும் இல்ல” என்றார். மகன் என்னைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்பது போலச் சிரித்தான். மருத்துவர் சிரிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்; இடையில் ஏதாவது தோன்றினால் உடனே.

என் மகள் மதுரையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. போன வாரம் போனில் சொன்னாள், அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மாமா, தம்பி, பரிசோதனை, எல்லாம். அவள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பாள், ஆனால் பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது போகும் என்று.

“என்ன சொன்னான்?”

“‘ஆம்பளப் பிள்ளை பொறந்தா…’ன்னு ஆரம்பிச்சான். அதுக்கு மேல கேக்கல. யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்கான்.”

நான் அடுப்பைக் குறைத்துவைத்தேன். முன்னறையில் மகன் யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா” என்றாள் அவள். “ஒனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா எங்களப் பெத்திருப்பியா?”

வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. “சரிம்மா, பஸ் வந்துருச்சு, வைக்கிறேன்” என்றாள்.